ரெட் ஃபிளாக் சட்டம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

மதுரை வாசகர்: குற்றமே செய்யாதவரிடமிருந்து அமெரிக்காவில் துப்பாக்கியை வாங்கி வைக்கிறார்களாமே, உண்மையா?

உண்மைதான், ரெட் ஃபிளாக் சட்டம் உள்ள 20-க்கும் மேற்பட்ட மாநிலங்களில். ஒருவர் தன்னையோ பிறரையோ சுட்டுவிடுவார் என்று நீதிபதிக்குத் தோன்றினால், குறிப்பிட்ட காலத்துக்கு அவர் துப்பாக்கி வைத்திருக்கவோ வாங்கவோ முடியாது. 1998-இல் கனெக்டிகட் மாநில லாட்டரி அலுவலகத்தில் ஓர் ஊழியர் மேலதிகாரிகள் நால்வரைச் சுட்டுக் கொன்றார். அடுத்த ஆண்டே அங்கே இத்தகைய முதல் சட்டம் வந்தது. 2018-இல் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் இறந்த பிறகு ஃபுளோரிடாவிலும் வந்தது. கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி ஆளுநர் ரிக் ஸ்காட்.

டாலஸ் வாசகர்: துப்பாக்கி வைத்திருப்பது அரசியல் சட்டம் தந்த உரிமை. எதிராளியை விசாரிக்காமலே பறிப்பது எந்த ஊர் நியாயம்?

இந்தச் சட்டத்தின் மீது வைக்கப்படும் மிகக் கனமான கேள்வி இதுதான். முதல் உத்தரவு பெரும்பாலும் அவர் இல்லாமலேயே பிறப்பிக்கப்படுகிறது. 2018-இல் மேரிலாந்தில் விடியற்காலையில் உத்தரவைக் கொடுக்கப் போன போலீஸார், கதவைத் திறந்தவரையே சுட்டுக் கொல்லும்படி ஆனது. அந்தக் குடும்பத்தின் கோபத்தைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் அந்த முதல் உத்தரவின் ஆயுள் குறைவு. ஃபுளோரிடாவில் இந்த உத்தரவு கேட்டு மனு போடப் போலீஸுக்கு மட்டுமே உரிமை. 14 நாளுக்குள் இருதரப்பையும் விசாரித்தாக வேண்டும். தெளிவான, நம்பத்தக்க ஆதாரம் இருந்தால்தான் உத்தரவு நீளும், அதுவும் ஒரு முறைக்கு அதிகபட்சம் ஓராண்டு. என்னைக் கேட்டால், விசாரணைக்கு வருபவருக்கு அரசே வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் உங்கள் ஆட்சேபம் எனக்கும் உண்டு.

2024-இல் ரஹிமி வழக்கில் உச்ச நீதிமன்றம், பிறர் உயிருக்கு ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கண்டவரிடமிருந்து ஆயுதத்தைத் தற்காலிகமாக விலக்கி வைக்கலாம் என்று 8-1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அது குடும்ப வன்முறைத் தடையுத்தரவு பற்றிய வழக்கு. ரெட் ஃபிளாக் சட்டத்தை நேரடியாக எடைபோடவில்லை. உங்கள் டெக்சஸோ 2025-இல் இத்தகைய உத்தரவுகளையே தடை செய்துவிட்டது.

சிகாகோ வாசகர்: சட்டம் இருந்தும் கொலைகள் நடக்கின்றனவே?

எடுத்துப் பயன்படுத்த ஆள் வேண்டுமே. இண்டியானாபோலிஸில் 2020-இல் ஓர் இளைஞரின் தாயே போலீஸை எச்சரித்தார். அவர்களும் ஒரு துப்பாக்கியைக் கைப்பற்றினார்கள். ஆனால் ரெட் ஃபிளாக் மனு நீதிமன்றத்துக்குப் போகவே இல்லை. பிறகு அவர் சட்டப்படியே இரண்டு ரைஃபிள்கள் வாங்கினார். 2021-இல் ஃபெடெக்ஸ் கூரியர் கிடங்கில் அவர் சுட்டதில் எட்டு பேர் இறந்தார்கள்.

செய்தியில் வருவது கூட்டக் கொலை மட்டும்தான். அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. துப்பாக்கியால் முயன்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை. கனெக்டிகட்டில் ஆராய்ந்தவர்கள், 10 முதல் 20 பேரிடம் துப்பாக்கியை எடுத்தால் ஒரு தற்கொலை தடுக்கப்படுகிறது என்று மதிப்பிட்டார்கள். இந்தச் சட்டம் வேண்டும் என்று நான் சொல்வது முக்கியமாக அந்த ஓர் உயிருக்காகத்தான்.

எடிசன் வாசகி: எங்களோடு இருக்கும் என் கொழுந்தனார் வேலை போனதிலிருந்து "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிறார். கைத்துப்பாக்கி வைத்திருக்கிறார். சொன்னால் கேஸாகிவிடுமா?

அம்மா, இன்றைக்கே செய்யுங்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐக் கூப்பிடுங்கள், உங்களிடமும் பேசுவார்கள். நிலைமை கைமீறினால் அவசர எண் 911. அவரே சம்மதித்தால், போலீஸுக்கு முன்கூட்டியே போன் செய்துவிட்டு, அவர்கள் சொல்லும் விதத்தில் ஒப்படைக்கலாம். நீங்கள் தொட்டு எடுக்க வேண்டாம்.

மறுத்தால், உங்கள் நியூ ஜெர்சியில் ஒரே வீட்டில் வசிப்பவரும் மனு கொடுக்கலாம். நீதிமன்றத்திலோ காவல் நிலையத்திலோ கொடுக்கலாம். அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதியோடு எழுதுங்கள். என்ன துப்பாக்கி, எங்கே வைத்திருக்கிறார் என்பதையும் சேருங்கள். இது கிரிமினல் கேஸ் அல்ல, ஆனால் உத்தரவை மீறினால் குற்றம். இங்கே இறுதி உத்தரவு தானாகக் காலாவதியாகாது. தேறிய பிறகு அதை நீக்கச் சொல்லி அவரே மனு போடலாம். அதுவரை அவரைத் தனியாக விடாதீர்கள்.