லாரி கம்ப்யூட்டர் போய்விட்டது என்கிறார்கள்: பணம் கட்டும் முன் எதைப் பார்ப்பது?

கேள்வி: ஒரே ஒரு லாரி வைத்து நானே ஓட்டுகிறேன். 2018 மாடல், பிஎஸ் 4, காமன் ரெயில் இன்ஜின். மூன்று வாரத்துக்கு முன் வடக்கே லோடு ஏற்றிப் போகும்போது தொப்பூர் மேட்டில் இன்ஜின் திடீரென்று நின்றது. மீட்டர் முள் எல்லாம் ஒரே நேரத்தில் கீழே விழுந்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து ஸ்டார்ட் ஆனது. அப்புறம் இரண்டு முறை அதே மாதிரி நடந்தது. இப்போது செல்ஃப் சுற்றுகிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பட்டறையில் ஸ்கேனர் போட்டார்கள், கனெக்ட் ஆகவே இல்லை. அதனால் "ஈசிஎம் போச்சு", அதாவது இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் பழுது என்கிறார்கள். புதியது ஒன்றேகால் லட்சமாம். வேறு வண்டியில் கழற்றியது 40 ஆயிரம், அதற்கு கியாரண்டி கிடையாது. தவணைத் தேதி வேறு நெருங்குகிறது. எதை வாங்கலாம்? இந்தக் கோளாறு வருவதற்குச் சில நாள் முன்பு பின்கதவுக்கு வெல்டிங் வைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: இப்போதைக்கு இரண்டையும் வாங்காதீர்கள். ஸ்கேனர் கனெக்ட் ஆகவில்லை என்பதை மட்டும் வைத்து ஈசிஎம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஈசிஎம்முக்குக் கரண்ட் வராவிட்டாலும், எர்த் சரியில்லாவிட்டாலும், ஸ்கேனருக்கும் அதற்கும் நடுவே ஓடும் இரண்டு கேன் ஒயர்களில் (கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஒயர்கள்) ஒன்று அறுந்திருந்தாலும் ஸ்கேனர் இதே மாதிரிதான் காட்டும். ஒரு மணி நேரம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆனது என்கிறீர்கள். ஈசிஎம் உள்ளே சால்டர் விட்டிருந்தாலும் அப்படி ஆகலாம். லூசான கனெக்டர், கருகிய ரிலே, துருப்பிடித்த எர்த் போல்ட் இவற்றாலும் ஆகலாம். இந்த மூன்றும் சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. முள் எல்லாம் ஒன்றாக விழுந்ததைப் பார்த்தால் ஏதோ ஒரு சென்சார் மட்டும் போனது போலத் தெரியவில்லை. எனக்கு முதல் சந்தேகம் கரண்ட் வரும் வழி மேல்தான்.

நல்ல ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒருவரைப் பிடித்து, அரை நாள் கூலி கொடுத்தாவது நான் சொல்கிற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் பேட்டரி. செல்ஃப் அடிக்கும்போது 18 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி, கேபிள், கட் ஆஃப் சுவிட்ச் மூன்றையும் சரி செய்யாமல் மேலே போகக் கூடாது.

அடுத்து ஈசிஎம் கனெக்டரைக் கழற்றி, கரண்ட் வரும் பின்களையும் எர்த் பின்களையும் பார்க்க வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். மல்டிமீட்டர் மட்டும் வைத்துப் பார்த்தால், ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் 24 வோல்ட் முழுசாகக் காட்டும். 24 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை இரண்டு ஒயரில் கட்டி வைத்துப் பாருங்கள். நல்ல லைன் என்றால் பல்பு பளிச்சென்று எரியும். லூஸ் இருந்தால் மங்கும். கரண்ட் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே ஒரு முறை, எர்த் பின்னுக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவே ஒரு முறை பார்க்க வேண்டும். எரியும்போதே ஹார்னஸை, அதாவது ஒயர் கட்டை, ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், குறிப்பாக சேஸிஸில் கிளிப் உரசுகிற இடங்களில். மெயின் ரிலே வழியாகக் கரண்ட் வரும் பின் என்றால், கனெக்டர் கழன்ற நிலையில் ரிலே இழுக்காது, பல்பும் எரியாது. அதை ஈசிஎம் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். ரிலே சாக்கெட்டில் 30, 87 என்று எண் போட்ட இரண்டு முனைகளையும் ஒயரால் இணைத்துக்கொண்டு பார்க்கலாம். இன்னொன்று, பெரிய ஊசியைப் பின்னுக்குள் குத்த விடாதீர்கள். பின் விரிந்துவிட்டால் அதுவே புதுக் கோளாறாகிவிடும்.

இது சரியாக இருந்தால் 5 வோல்ட். ஆக்ஸிலரேட்டர் பெடல், ரெயில் பிரஷர் சென்சார், பூஸ்ட் சென்சார் எல்லாவற்றுக்கும் ஈசிஎம்தான் 5 வோல்ட் கொடுக்கிறது. இவற்றில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலும் அந்த 5 வோல்ட் படுத்துவிடும். வண்டி ஸ்டார்ட் ஆகாது, பார்க்கிறவருக்கு ஈசிஎம்மே செத்தது போலத் தெரியும். ஈசிஎம் கனெக்டரைத் திரும்ப மாட்டி, சாவியைப் போட்டு வைத்து, 5 வோல்ட் இல்லை என்றால் சென்சார் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அந்த சென்சார்தான் குற்றவாளி. சில ஆயிரத்தில் முடிகிற சென்சாருக்காக ஒரு லட்சம் செலவழித்தவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

கேன் ஒயரைப் பார்ப்பது சுலபம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் மாட்டும் சாக்கெட்டில் கேன் பின்கள் இரண்டுக்கும் நடுவே ஓம்ஸ் பாருங்கள். 16 பின் சாக்கெட்டில் பெரும்பாலும் 6, 14. வட்டமான 9 பின் சாக்கெட் என்றால் சி, டி. 60 ஓம்ஸ் பக்கம் இருந்தால் நல்லது. 120 காட்டினால் ஒரு முனை விட்டிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் ஷார்ட்.

கரண்ட், எர்த், 5 வோல்ட் லைன், கேன் நான்கும் சரி, அப்படியும் ஸ்கேனரோடு பேசவில்லை என்றால் ஈசிஎம் போனதாக எடுத்துக்கொள்ளலாம். வெல்டிங் வைக்கும்போது பேட்டரியைக் கழற்றவில்லை என்றால் அதுதான் காரணமாக இருக்கவும் நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் புதியதை மாட்டும் முன்பு பழையது ஏன் போனது என்று தெரிந்தாக வேண்டும். இன்ஜெக்டர் ஒயர் ஒன்று இன்ஜின் பாடியில் தொட்டு ஷார்ட் ஆகி எரிந்திருந்தால், மாட்டும் புதியதும் எரியும். இன்ஜெக்டர் ஒயர் எதிலும் இன்ஜின் பிளாக்கோடு தொடர்பு இருக்கக் கூடாது. இதைப் பார்க்காமல் மாட்டவே விடாதீர்கள்.

அப்புறம் எதை வாங்குவது? ஈசிஎம் ரிப்பேர் செய்கிற, பெஞ்சில் வைத்து ஓட்டிக் காட்டுகிற இடத்துக்கு முதலில் கொடுத்துப் பாருங்கள் என்பேன். இன்ஜெக்டர் போன்றவற்றை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டர் எரிந்தது, சால்டர் விட்டது மாதிரி கோளாறுகள் அங்கே சரியாகின்றன. உங்கள் வண்டியின் டேட்டாவும் அதிலேயே இருக்கும். தண்ணீர் இறங்கி போர்டு அரித்துப்போயிருந்தால் ரிப்பேரில் காசைப் போடாதீர்கள், நிற்காது.

பழையது வாங்கினால் மேலே ஒட்டியிருக்கும் ஹார்ட்வேர் நம்பர், சாஃப்ட்வேர் நம்பர் இரண்டும் உங்களுடையதோடு ஒத்துப்போக வேண்டும். பெட்டி ஒரே மாதிரி இருப்பது போதாது. புதியதோ பழையதோ, மாட்டியதும் சேஸிஸ் நம்பர், ஆறு இன்ஜெக்டர் என்றால் ஆறின் கோடு (ஒவ்வொன்றின் மேலும் பொறித்திருக்கும் குறியீட்டு எண்), ஸ்பீடு லிமிட், இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) இருந்தால் அதுவும் ஏற்ற வேண்டும். இன்ஜெக்டர் கோடு ஏற்றாமல் விட்டால் வண்டி ஓடும், ஆனால் ஐடிலில் உதறும், புகை வரும், டீசல் கூடுதலாகக் குடிக்கும். இந்த புரோகிராமிங் கூலி சொன்ன விலையில் சேர்ந்ததா என்று முன்கூட்டியே கேளுங்கள். கியாரண்டியே இல்லாத 40 ஆயிரம் ரூபாய் பழையதை நான் வாங்கமாட்டேன். மாட்டி ஓட்டிப் பார்த்து, குறைந்தது ஒரு மாதமாவது மாற்றித் தருவதாக எழுதிக் கொடுத்தால் யோசிக்கலாம்.

எலக்ட்ரிகல் பொருள் என்றால் மாட்டியபின் திருப்பி எடுக்க மாட்டோம் என்பார்கள். ஆகவே பில்லில் ஜிஎஸ்டி எண், ஈசிஎம் சீரியல் நம்பர், கியாரண்டி காலம், "இன்னின்ன சோதனைக்குப் பின் ஈசிஎம் பழுது என்று கண்டறிந்தோம்" என்ற ஒரு வரி, நான்கும் இருக்கட்டும். கழற்றிய பழையதையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ரிப்பேருக்கு உதவும், தகராறு வந்தால் ஆதாரமும் அதுதான்.

லாரி வியாபாரத்துக்கான வண்டி, நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியதை வணிக நோக்கம் என்று கணக்கில் எடுப்பதில்லை. ஒரே வண்டியை நீங்களே ஓட்டுகிறீர்கள், அதனால் உங்களுக்கு வழி இருக்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

கேள்வி: இனிமேல் வெல்டிங் வைக்க வேண்டி வந்தால் கட் ஆஃப் சுவிட்சை அணைத்தால் போதுமா?

பதில்: போதாது. பேட்டரியின் இரண்டு டெர்மினலையும் கழற்றுங்கள், ஈசிஎம் கனெக்டர்களையும் கழற்றுங்கள். வெல்டிங் எர்த் கிளாம்பை, வெல்டிங் வைக்கிற இடத்துக்கு ஒரு அடிக்குள், பெயிண்ட் சுரண்டிய இரும்பில் மாட்டச் சொல்லுங்கள். கிளாம்பை எங்கோ சேஸிஸ் முனையில் மாட்டினால் கரண்ட் பேரிங், ஹார்னஸ் வழியாகவெல்லாம் சுற்றி வரும். பட்டறையில் அவசரப்படுத்தினாலும் இதற்கு ஆகும் பத்து நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: என் அண்ணனிடம் பிஎஸ் 6 வண்டி இருக்கிறது. அடிக்கடி ஆட்புளூ (புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் யூரியா கரைசல்) லைட் எரிந்து வண்டி இழுக்க மறுக்கிறது. ஈசிஎம்மில் ஆட்புளூவையே "கட்" செய்து தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். சட்டப்படி தவறு, வண்டியின் கியாரண்டியும் போய்விடும். டீலரிடம் அடுத்த முறை சாஃப்ட்வேர் ஏற்றினால் அந்த "கட்" அழிந்து பழைய லைட்டே திரும்ப வரும், கொடுத்த காசும் போச்சு. அந்தப் புகை நம் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூட வாசலிலும்தான் போகிறது. பெரும்பாலும் கோளாறு சின்னதாக இருக்கும். தெளிப்பு நாசிலில் யூரியா உப்பாகக் கட்டியிருந்தால் சுடுதண்ணீரிலேயே கரையும். ஆட்புளூவில் யூரியா 32.5 சதவீதம் இருக்க வேண்டும், சில்லறையில் கலந்து விற்பதை ஊற்றினால் லைட் எரியத்தான் செய்யும். சீல் பிரிக்காத கேன் ஒன்று வாங்கி, டேங்கைக் கழுவி ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் போகவில்லை என்றால் புகையில் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சாரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.