துருவ ஒளியும் நாகர்கோவிலும்

கேள்வி: துருவ ஒளியில் மின்புலம் (மின்னூட்டமுள்ள துகள்களைத் தள்ளும் விசைப் பரப்பு) முக்கியம், அது நம்மையும் பாதிக்கும் என்கிறீர்கள். சூரியனிலிருந்து வரும் துகள்கள் துருவத்தில் மோதுகின்றன, வானம் ஒளிர்கிறது. இவ்வளவுதானே துருவ ஒளி? இதில் மின்புலத்தை எதற்கு இழுக்கிறீர்கள்? துருவத்தை ஒட்டியிருக்கும் நார்வேக்காரர் கவலைப்பட வேண்டியது நமக்கெதற்கு?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: ‘இவ்வளவுதானே’ என்பதில்தான் வில்லங்கம். சூரியக் காற்றில், அதாவது நீங்கள் சொல்லும் அந்தத் துகள் ஓட்டத்தில், வரும் எலக்ட்ரானின் ஆற்றல் சுமார் 10 எலக்ட்ரான் வோல்ட் (ஒரு வோல்ட் வித்தியாசத்தைக் கடக்கும் எலக்ட்ரான் பெறும் ஆற்றலே ஒரு எலக்ட்ரான் வோல்ட்). இதை வைத்துக்கொண்டு, பச்சை ஒளி பிறக்கும் 100 கிலோமீட்டர் உயரம் வரை அதனால் இறங்கவே முடியாது. நேராக வந்து விழுவதுமில்லை. பூமியின் இரவுப்பக்கத்தில் வால்போல் நீண்டு கிடக்கும் காந்தப்புலத்தில் (காந்த வால்) தேங்கி, சூடேறி, அப்புறம்தான் திரும்புகிறது. திரைச்சீலைபோல் தொங்கும் பளிச்சென்ற ஒளிக்கு அதுவும் போதாது. அங்கே ஆக்சிஜனை இடிக்கும் எலக்ட்ரான்களை ராக்கெட்டில் கருவி வைத்து அளந்தால் பல ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட் காட்டுகிறது. வழியில் முடுக்கிவிட்டது யார்? நீங்கள் ‘எதற்கு’ என்று கேட்கும் மின்புலம்தான். சில ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில், காந்தப்புலக் கோட்டின் திசையிலேயே அது இருக்கிறது. ஸ்வீடனின் ஹானஸ் ஆல்வேன் 1950-களிலேயே இதைச் சொன்னார். மின்சாரம் அத்தனை தாராளமாகப் பாயும் இடத்தில் மின்புலம் எப்படித் தங்கும் என்று பலர் ஏற்கவில்லை. 1976-ல் ஏவிய எஸ்3-3 செயற்கைக்கோள் நேரில் அளந்த பிறகே வாதம் அடங்கியது.

இது செங்குத்தாக இருப்பது. கிடையாகவும் ஒன்று உண்டு. அந்தி நேரத்தில் ராக்கெட்டிலிருந்து பேரியம் ஆவியைத் திறந்துவிடுவார்கள். பச்சை மேகம் காற்றோடு போகும். வெயில் பட்டு எலக்ட்ரானை இழந்து அயனியான, அதாவது மின்னூட்டம் பெற்ற, பகுதி ஊதாவாகப் பிரிந்து வேறு பக்கம் நகரும். அந்த நகர்வே மின்புலத்தின் அளவுகோல். மீட்டருக்குச் சில பத்து மில்லிவோல்ட்தான். பூ, இவ்வளவுதானா என்று சொல்லிவிடாதீர்கள்! மீட்டருக்கு 50 மில்லிவோல்ட் என்றால் ஆயிரம் கிலோமீட்டருக்கு 50,000 வோல்ட். சூரியனின் சீற்றத்தால் பூமியின் காந்தப்புலம் கலங்கும் காந்தப்புயல் நேரத்தில், அயனி மண்டலத்தில் (மின்னூட்டமுள்ள துகள்கள் நிறைந்த மேல் வளிமண்டல அடுக்கு) இந்த மின்புலம் தள்ளி பத்து லட்சம் ஆம்பியர்கூட ஓடும். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணம் ஒன்பது மணி நேரம் மின்சாரமில்லாமல் கிடந்தது, தரையிலுள்ள மின்கம்பிகளிலும் மின்னோட்டத்தைத் தூண்டிவிட்ட இந்த வகை மின்னோட்டத்தின் கைவரிசைதான்.

சரி, நாகர்கோவிலுக்கு வருவோம். பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் காந்த நடுக்கோடு உங்கள் ஊர்ப்பக்கமாகத்தான் போகிறது. திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததும், திருநெல்வேலியில் புவிகாந்த ஆய்வகம் இருப்பதும் அதனால்தான். துருவப் பகுதியில் மின்புலம் திடீரென்று மாறினால் அதன் தாக்கம் சில நிமிடங்களுக்குள் இங்கே தெரியும். உங்கள் தலைக்கு மேலே நூறு கிலோமீட்டரில், காந்த நடுக்கோட்டை ஒட்டி ஓடும் மின்தாரை என்ற மின்னோட்டம் ஆட்டம் காணும், அயனி மண்டலம் குலையும், அதைக் கடந்து வரும் சைகையை நம்பியிருக்கும் ஜிபிஎஸ் தடுமாறும். குளச்சலில் ஜிபிஎஸ் பார்த்துப் படகோட்டும் மீனவரிடம் போய், இதெல்லாம் நார்வேக்காரர் கவலை என்று ஒருமுறை சொல்லிப் பாருங்களேன்.