நாலு முறை படித்தும் ஏன் மறக்கிறது?

கல்லூரிப் படிப்பு, வேலை தொடர்பான வாசகர் கேள்விகளுக்கு, ஓய்வு பெற்ற இயற்பியல் பேராசிரியையின் பதில்கள்

கேள்வி: பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒவ்வொரு யூனிட்டையும் நாலு முறை வாசித்து, முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் மார்க்கர் போட்டு வைப்பேன். முதல் நாள் ராத்திரி எல்லாம் தெளிவாக இருக்கிறது. தேர்வு ஹாலில் போய் உட்கார்ந்தால் பாதி வரவில்லை. தெர்மோடைனமிக்ஸில் அரியர் விழுந்துவிட்டது. எனக்கு ஞாபக சக்தி குறைவா?
– மாணவி, விருதுநகர்

பதில்: உன் ஞாபக சக்தியில் ஒரு குறையும் இல்லை அம்மா. (வகுப்பறைப் பழக்கம், 'நீ' என்றே எழுதுகிறேன்.) நாலு முறை வாசித்தாய், சரி. ஒரு முறையாவது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுதிப் பார்த்தாயா?

அமெரிக்காவில், செயின்ட் லூயி நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் செய்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. கல்லூரி மாணவர்களிடம் ஒரு கட்டுரையைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு நாலு அமர்விலும் வாசிப்பு மட்டும்தான். இன்னொரு பிரிவினர் ஒரு அமர்வில் வாசித்துவிட்டு, மிச்சம் மூன்றிலும் கட்டுரையைப் பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். வாசித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. இதில் என்னை மிகவும் பாதித்தது இன்னொரு விஷயம். ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் வாசித்த பிரிவினர்தான்.

முதல் நாள் ராத்திரி உனக்கு வருகிற தெளிவும் அந்த நம்பிக்கைதான். கண்ணுக்குப் பழகிய வரி, தெரிந்த வரி போலத் தோன்றும். ஹாலில் கேள்வித்தாள் உன்னை அடையாளம் காட்டச் சொல்வதில்லை, உள்ளே இருப்பதை வெளியே எடுக்கச் சொல்கிறது. அந்த வேலையை நீ வீட்டில் ஒருநாளும் செய்து பழகவில்லை.

இனி இப்படிச் செய்து பார். உன் தெர்மோடைனமிக்ஸ் பாடத்தில் வரும் கார்னோ சுழற்சியை ஒரு முறை கவனமாகப் படி. புத்தகத்தை மூடு. நாலு கட்டங்களையும், படத்தையும், பயனுறு திறனுக்கான சமன்பாட்டையும் ரஃப் நோட்டில் எழுது. திணறினால் உடனே புத்தகத்தைத் திறக்காதே, ஐந்து நிமிடமாவது முயற்சி செய். அப்புறம் திறந்து, விட்டுப்போனதை மட்டும் வேறு மையில் குறித்துக்கொள். இரண்டு நாள் கழித்து ஒரு முறை, அடுத்த வாரம் இன்னொரு முறை இதையே செய். மேக்ஸ்வெல் தொடர்புகளுக்கும் இதே வழிதான். அவற்றைப் பத்து முறை வாசிப்பதை விட ஒரு முறை நீயாக வருவித்துப் பார்ப்பது மேல். 2013-இல் உளவியலாளர் டன்லாஸ்கியும் அவரோடு நால்வரும் பத்து விதமான படிப்பு முறைகளைப் பற்றி வந்த ஆய்வுகளை எல்லாம் அலசினார்கள். தன்னைத் தானே சோதித்துப் பார்ப்பதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் முதல் வரிசையில் வந்தன. திரும்பத் திரும்ப வாசிப்பதும் வரிக்கு நிறம் போடுவதும் கடைசி வரிசைக்குப் போயின.

முதல் வாரம் உனக்கு ஒன்றுமே தெரியாதது போல இருக்கும். அழுகைகூட வரலாம். அதற்காக நிறுத்திவிடாதே.

கேள்வி: பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். மாணவர்களை நாலு பேர் குழுக்களாகப் பிரித்துக் கணக்குகளை அவர்களே போட வைக்கிறேன். செமஸ்டர் முடிவில் வந்த ஃபீட்பேக்கில் 'சார் பாடமே நடத்தவில்லை' என்று பலர் எழுதிவிட்டார்கள். பழையபடி போர்டில் நடத்துங்கள் என்கிறார் துறைத்தலைவர். நான் செய்வது தவறா?
– விரிவுரையாளர், நாமக்கல்

பதில்: தவறே இல்லை. ஹார்வர்டில் இயற்பியல் முதல்நிலை வகுப்பில் ஒரு சோதனை செய்து 2019-இல் வெளியிட்டார்கள். பாடம் ஒன்றே, ஆசிரியர்களும் அனுபவசாலிகள். ஒரு பிரிவுக்கு நன்றாகத் தயாரித்த விரிவுரை. மற்றதில் மாணவர்களே சிறு குழுக்களாக அதே கணக்குகளோடு மல்லுக்கட்டினார்கள். அடுத்த பாடத்துக்குப் பிரிவுகளை மாற்றினார்கள். தேர்வில் கூடுதலாக வாங்கியது மல்லுக்கட்டியவர்கள். "நிறையக் கற்றுக்கொண்டோம்" என்று சொன்னதோ விரிவுரை கேட்டவர்கள். உங்கள் ஃபீட்பேக் தாளில் இருப்பதும் இதுவேதான். 2014-இல் ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வெறும் விரிவுரை வகுப்புகளில் தோற்றவர்கள் 100-க்கு ஏறத்தாழ 34 பேர், மாணவர்களை ஈடுபடுத்திய வகுப்புகளில் 22 பேர். அந்தப் பன்னிரண்டு பேருக்காக நீங்கள் துறைத்தலைவரிடம் வாதாடலாம். இன்னொரு செக்‌ஷனுக்கும் உங்கள் செக்‌ஷனுக்கும் ஒரே இன்டர்னல் கேள்வித்தாளைக் கொடுக்கச் சொல்லி, வருகிற மதிப்பெண்ணை அவர் முன் வையுங்கள்.

ஆனாலும் மாணவர்களின் குறையை ஒதுக்கிவிடாதீர்கள். ஏன் இப்படி நடத்துகிறீர்கள் என்று முதல் வாரத்திலேயே அவர்களிடம் சொன்னீர்களா? பன்னிரண்டு வருடம் போர்டைப் பார்த்து எழுதியே வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த விளக்கம் கட்டாயம் வேண்டும். அந்த ஹார்வர்டு ஆய்வாளர்களும் செமஸ்டர் தொடக்கத்திலேயே இதை மாணவர்களிடம் எடுத்துச் சொல்லச் சொல்கிறார்கள். கடைசிப் பத்து நிமிடம் கணக்கை நீங்களே போர்டில் முழுதாக முடித்துக் காட்டுங்கள். குழுவை அப்படியே விட்டுவிட்டு மணி அடித்ததும் போய்விட்டால், பின் பெஞ்சில் இருப்பவன் கையில் எதுவும் மிஞ்சாது. இதை நான் பல வகுப்புகளில் பார்த்திருக்கிறேன். சிலபஸ் முடியாது என்ற பயம் இருந்தால், இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991 முதல் ஹார்வர்டில் செய்து வந்த முறை அறுபது பேர் வகுப்புக்கும் பொருந்தும். ஒரு கேள்வியைப் போடுங்கள். ஒவ்வொருவரும் தன் விடையை எழுதட்டும். பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடிவிட்டு மறுபடி விடை சொல்லட்டும். மொத்தமே ஏழெட்டு நிமிட வேலை.

கேள்வி: என் மகள் 'பார்த்துக் கற்கும் வகை' என்று ஒரு பயிற்சி மையத்தில் சோதித்துச் சொன்னார்கள். அதற்கேற்ற தனி வகுப்புக்குப் பெரிய தொகை கேட்கிறார்கள். கட்டலாமா?
– தந்தை, கும்பகோணம்

பதில்: கட்டாதீர்கள். 2008-இல் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் இந்த 'கற்கும் வகை' ஆய்வுகளை ஆராய்ந்து, அதன்படி பாடம் நடத்துவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். மகளுக்குப் படம் பிடிக்கலாம், அது வேறு. வரைபடத்தை யாராக இருந்தாலும் பார்த்துத்தான் படிக்க வேண்டும், உச்சரிப்பைக் கேட்டுத்தான் பழக வேண்டும். அதைத் தீர்மானிப்பது பாடம்.

கேள்வி: பி.காம். கடைசி வருடம். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்தான். எங்கள் கல்லூரிக்கு எந்தக் கம்பெனியும் கேம்பஸுக்கு வருவதில்லை. தெரிந்தவர்கள் இல்லாமல் வேலை கிடைக்குமா?
– மாணவி, அரியலூர் மாவட்டம்

பதில்: நெருங்கிய சொந்தம் இல்லையே என்று நீ கலங்க வேண்டாம். பாஸ்டன் அருகே நியூட்டன் என்ற ஊரில், வேலை மாறியவர்களிடம் மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் விசாரித்து 1973-இல் எழுதினார். ஆள் மூலம் வேலை பெற்றவர்களில், அந்த ஆளை அடிக்கடி பார்ப்பவர்கள் 17 சதவீதத்துக்கும் குறைவு. எப்போதாவது பார்ப்பவர்கள் 55-க்கும் மேல், அபூர்வமாகப் பார்ப்பவர்கள் 28. காரணம் எளிது. உன் வீட்டாருக்கும் தோழிகளுக்கும் தெரிந்த செய்தி உனக்கும் தெரிந்ததுதான். புதிய செய்தி அரைகுறைப் பழக்கமுள்ளவரிடம் இருக்கிறது. லிங்க்ட்இனில் இரண்டு கோடிப் பேரை வைத்து நடந்து 2022-இல் வெளியான ஆய்விலும், மிதமான பழக்கமே அதிகம் உதவியது.

துறையில் கேட்டால் பழைய மாணவர் பட்டியல் கிடைக்கும். உனக்கு மூன்று, நாலு வருடம் முன்னால் முடித்த அக்காக்கள், அண்ணன்களுக்கு எழுது. 'வேலை வாங்கித் தாருங்கள்' என்று கேட்காதே. ஒரு நாளில் என்ன வேலை பார்க்கிறீர்கள், டேலியில் எவ்வளவு தெரிய வேண்டும், ஜிஎஸ்டி ரிட்டர்ன் நீங்களே போடுகிறீர்களா, இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள் என்று கேள். தமிழிலேயே எழுதலாம். ஊரில் இருக்கும் ஆடிட்டர் அலுவலகத்துக்கும் இதே கேள்விகளோடு போ.

அப்புறம், மத்திய அரசின் தேசியப் பயிற்சித் திட்டம் (NATS எனும் அப்ரண்டிஸ் திட்டம்) இப்போது பி.காம். போன்ற பட்டதாரிகளுக்கும் உண்டு. தென் மண்டல அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. இணையத்தில் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. உதவித்தொகையில் ஒரு பங்கை அரசே தருகிறது. உங்கள் மாவட்டத்து சிமென்ட் ஆலைகளின் கணக்குப் பிரிவில் அப்ரண்டிஸ் இடம் உண்டா என்று நேரிலேயே கேள். பயிற்சிக்கு டெபாசிட் கட்டச் சொல்கிற இடத்தில் ஒரு நிமிடமும் நிற்காதே.

எழுதியவர்களில் பலர் பதில் போட மாட்டார்கள். பத்து நாள் கழித்து ஒரு முறை நினைவூட்டு. அதற்கும் வராவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போ.