வயலில் பிடித்த சுவர்க்கோழி, வெட்டுக்கிளியை வீட்டில் வளர்த்து மீனுக்கு இரையாகப் போடலாமா?

வளர்க்கலாம். ஆனால் பிடித்ததை அப்படியே மீனுக்குப் போடாதீர்கள். அது உங்கள் வீட்டு டப்பாவில் முட்டையிடட்டும், அந்த முட்டையில் வரும் குஞ்சுகளை வளர்த்துப் போடுங்கள். நீங்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். இதை ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குத்தான் மீதி.

என்ன மீன் என்று நீங்கள் எழுதவில்லை. சுவர்க்கோழி தேடுகிறீர்கள் என்றால் அரோவானாவாகத்தான் இருக்கும். என்னிடமும் ஒரு வெள்ளி அரோவானா இருக்கிறது. அமேசான் ஆற்றில் தண்ணீருக்கு மேலே தொங்கும் கிளையில் இருக்கிற பூச்சியை எம்பிப் பிடித்துத் தின்கிற மீன் அது. அதற்குப் பூச்சி கொடுக்க நினைப்பது சரியான யோசனைதான்.

நாங்கள் திருச்சிப் பக்கம். அப்பா வீட்டில் எருக்குழியும் வைக்கோல் போரும் உண்டு. இரவில் டார்ச்சோடு போய்க் கல்லைப் புரட்டினால் கறுப்புச் சுவர்க்கோழி கிடைக்கும். இறக்கை தொடங்கும் இடத்தில் வெளிறிய மஞ்சளாக இரண்டு புள்ளி இருக்கும். என் டப்பாவில் இன்று இருப்பவை எல்லாம் அங்கே பிடித்ததன் வாரிசுகள்.

இதைக் கேள்விப்பட்டு என் மாமா மகன் ஒருநாள் ஒரு பெட் பாட்டில் நிறைய சுவர்க்கோழியும் வெட்டுக்கிளியுமாக வயலிலிருந்து பிடித்து வந்தான். எந்த வயல் என்று கேட்டேன். மருந்து அடித்து ஓரிரு நாள்தான் ஆகியிருந்ததாம். போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "என்ன மச்சான், கொக்கும் மைனாவும் அதைத்தானே தின்னுது, செத்தா போச்சு?" என்று கோபித்துக்கொண்டான். அவனோடு வாதாடாமல், எல்லாவற்றையும் ஒரு டப்பில் கொட்டி, கேரட் வைத்து, மூடி வைத்தேன். காலையில் பார்த்தால் பாதிக்கு மேல் மல்லாந்து கிடந்தன. உயிர் இருந்தது, கால் மட்டும் விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. நரம்பைத் தாக்கும் மருந்து பட்ட பூச்சி அப்படித்தான் கிடக்கும். கொக்கு நாலு வயலில் நாலு விதமாகத் தின்னும், பறந்து போய்விடும். தொட்டி மீனுக்கு நாம் போடுவதை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

அந்தக் கூட்டத்தில் நன்றாக இருந்த ஒன்று தண்ணீர்க் கிண்ணத்துக்குள் தானாகவே குதித்தது. எடுத்து வெளியே விடப் போனேன். அதற்குள் அதன் பின்பக்கத்திலிருந்து பழுப்பாக ஒரு நூல் நெளிந்து வந்தது. வந்துகொண்டே இருந்தது. முழுதாக வெளியே வந்தபோது பூச்சியை விடப் பல மடங்கு நீளம். குதிரைமயிர்ப் புழு என்பார்கள். பூச்சியின் உடம்புக்குள் வளர்ந்து, முதிர்ந்ததும் அதைத் தண்ணீரை நோக்கி ஓட வைத்து வெளியேறிவிடும். மீனுக்குள் குடியேறும் புழு இல்லை, அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் வெளியில் பிடித்த பூச்சிக்குள் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. டப்பாவில் பிறந்த குஞ்சுக்கு இந்தத் தொல்லை இல்லை. அந்தப் புழு முட்டையிடுவது குளம், ஓடையில்.

"இவ்வளவு சிரமம் எதற்கு, கடையில் வாங்க வேண்டியதுதானே" என்று யாராவது கீழே வந்து எழுதுவார்கள். வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் கடைச் சரக்கு என்றால் நோயே இருக்காது என்று மட்டும் சொல்லாதீர்கள். 2010 வாக்கில் அமெரிக்காவில் ஒரு வைரஸ் பரவி, பெரிய பெரிய சுவர்க்கோழிப் பண்ணைகளே காலியாகிப் போயின. நெருக்கி வளர்க்கும் இடத்தில் நோய் வந்தால் அப்படித்தான்.

சரி, வளர்ப்பதற்கு வருகிறேன். பெரிய பிளாஸ்டிக் டப், ஒளிந்துகொள்ள முட்டை அட்டை. மூடியை வெட்டி எடுத்துவிட்டுக் கம்பி வலை ஒட்டுங்கள், கொசுவலையைக் கடித்து ஓட்டை போட்டுவிடும். தீனிக்குத் தவிடு, கொஞ்சம் கருவாட்டுத் தூள், கேரட், மருந்தடிக்காத முருங்கைக்கீரை. புரதம் குறைந்தால் ஒன்றையொன்று தின்னும், அதிலும் அப்போதுதான் தோலுரித்து வெள்ளையாக, மெத்தென்று நிற்பது தப்பவே தப்பாது. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் குஞ்சுகள் முழுகிச் சாகும். ஈரப் பஞ்சு போதும்.

பின்னால் ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதைக் கொடுக்கு என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். அது முட்டையிடும் குழல், அது இருந்தால் பெண். ஒரு சின்ன டப்பாவில் ஈரமான தேங்காய் நார்த்தூள் வையுங்கள். பெண் அதில் ஏறி, குழலை நேராகக் கீழே இறக்கிக் குத்தி, கொஞ்சம் நிற்கும், எடுக்கும், அரை அங்குலம் தள்ளி மறுபடி குத்தும். நார்த்தூள் காயாமல் பார்த்துக்கொண்டால், 30 டிகிரி வெப்பத்தில் சுமார் 10, 12 நாளில் எறும்பு அளவில் குஞ்சு வரும். நம் ஊரில் ஹீட்டர் தேவையே இல்லை. இரண்டு மாதத்துக்குள் அவை பெரிதாகி முட்டையிட ஆரம்பித்துவிடும்.

பச்சை வெட்டுக்கிளியில் மீசை உடம்பை விட நீளமாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது சுவர்க்கோழியின் சொந்தக்காரன், இரவில் பாடும். அதை இரையாக்காதீர்கள் என்பது என் கருத்து. பெருகுவது மெதுவாக, சில இனம் நன்றாகக் கடிக்கவும் செய்யும். டப்பாவுக்கு ஒன்று என்று செம்பருத்தி, கொய்யா இலை போட்டுப் பாட்டுக்காக வளர்க்கலாம். தலைகீழாகத் தொங்கித் தோலுரிக்க உயரமான டப்பா வேண்டும். தென்னிந்தியாவில் இந்த வகையில் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்து ஐந்து விதமாகப் பாடுகிறவை இருப்பதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் 2006இல் எழுதினார்கள். வெளிநாட்டில் இல்லை, நம் பக்கத்துப் புதரில்.

இதைச் சொல்லும்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் மகள் வகுப்பில் பூச்சிகள் பற்றி புராஜெக்ட் கொடுத்தார்கள். காற்றோட்டமான டப்பாவில் ஓர் ஆண் சுவர்க்கோழியை எடுத்துப்போனாள். அது முன் இறக்கைகளை ஒன்றோடொன்று உரசித்தான் கத்துகிறது, காது முன்னங்காலில் இருக்கிறது என்று சொல்லத் தயாராகப் போன பிள்ளை. டப்பாவைத் திறக்கக்கூட விடாமல், சார்ட் ஒட்டி வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஸ்டேஷனரி கடையில் வாங்கிய படங்களில் எட்டுக் கால் சிலந்தியும் பூச்சியாக இருந்தது. மற்றப் பிள்ளைகள் அதையே ஒட்டி, அதற்கு "வெரி குட்" வாங்கினார்கள். உயிரோடு ஒன்றைப் பார்க்கப் பத்து நிமிடம் ஒதுக்க முடியாத பள்ளியில் அறிவியல் எப்படி வரும்?

பூச்சியை வளர்த்து மீனுக்குப் போடுவது பாவம் என்பவர்களுக்கு: அந்த மீனும் சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும். சரணாலயத்துக்குள் போய் எதையும் பிடிக்காதீர்கள், எருக்குழியும் வீட்டுத் தோட்டமும் போதும்.

இரவில் சத்தம் தாங்கவில்லை என்றால், முட்டைக்குத் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கடைசித் தோலுரிப்புக்கு முன்பே மீனுக்குப் போட்டுவிடுங்கள். இறக்கை வளராத ஆணால் கத்த முடியாது, மீன் விழுங்குவதற்கும் அந்தப் பருவம்தான் மென்மையாக இருக்கும்.