பால்டிமோரில் ஏறுவதா, மயாமிக்குப் பறப்பதா? பழைய சிறிய கப்பலும் புதிய பெரிய கப்பலும்

கேள்வி: வர்ஜீனியாவில் வசிக்கிறோம். ஜூலையில் திருநெல்வேலியிலிருந்து அப்பாவும் (74) அம்மாவும் (69) வருகிறார்கள். அப்பாவுக்கு முழங்கால் தேய்மானம், கால் மணி நேரம் நடந்தால் உட்கார இடம் தேடுவார். இரவில் மூச்சு தடைபடாமல் காற்று செலுத்தும் சிபாப் கருவியைப் பொருத்திக்கொண்டுதான் தூங்குவார். அம்மா சுத்த சைவம். பிள்ளைகளுக்கு வயது 11, 4. காரிலேயே பால்டிமோர் போய், 1998-இல் கட்டிய ‘விஷன் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் ஐந்து இரவு பெர்முடா போகலாம். அல்லது மயாமிக்கு விமானத்தில் போய், ‘ஒயாசிஸ்’ வகைப் பெரிய கப்பலில் ஏழு இரவு கரீபியன் சுற்றலாம். பழைய கப்பல் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள் நண்பர்கள். எதை எடுப்பது?

பதில்: உங்கள் குடும்பத்துக்கு பால்டிமோர்தான் பொருத்தம். ஆனால் சிறிய கப்பல் என்பதற்காக மட்டும் அல்ல. அறையைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் அதே கப்பல் அப்பாவுக்குத் தண்டனையாகிவிடும்.

பால்டிமோரில் ஏன் பழைய கப்பல்களே நிற்கின்றன என்பதிலிருந்து தொடங்கலாம். பயணிகள் குறைவு என்பதல்ல காரணம், பாலம். கடலுக்குப் போக செசபீக் விரிகுடாப் பாலத்தின் அடியில் நுழைய வேண்டும். அதன் கீழ் உள்ள இடைவெளி சுமார் 56 மீட்டர்தான். ஒயாசிஸ் வகைக் கப்பல் நீர்மட்டத்துக்கு மேல் 72 மீட்டர் உயரம், புகைபோக்கியை உள்ளிழுத்தாலும் அங்கே நுழையாது. ஃபுளோரிடாவின் டாம்பா துறைமுகத்திலும் இதே கதை, அங்கே சன்ஷைன் ஸ்கைவே பாலம். 1990-களில் கட்டிய நடுத்தரக் கப்பல்கள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதற்கு இந்த மாதிரித் துறைமுகங்கள் முக்கியக் காரணம். பழையது என்பதால் கழித்துவிட்ட கப்பல் அல்ல, அந்த வாசலில் நுழையக்கூடிய கப்பல்.

வயது பற்றிய பயத்தையும் சற்று இறக்கி வையுங்கள். பயணிகள் கப்பல் எதுவானாலும் ஆண்டுதோறும் பாதுகாப்புச் சோதனை உண்டு. ஐந்தாண்டுக்குள் இரண்டு முறை அடிப்பாகத்தைச் சோதிக்க வேண்டும். எரியக்கூடிய பொருள்களால் கட்டப்பட்ட மிகப் பழைய கப்பல்கள் 2010 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சர்வதேச விதியால் கழிந்துபோயின. நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று, கப்பலைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பழுதுபார்க்கும் உலர்துறையில் கடைசியாக எப்போது ஏற்றினார்கள் என்பது. கம்பளம், மெத்தை, குளியலறைக் குழாய், ஏசி எல்லாம் பெரும்பாலும் அப்போதுதான் மாறும். உலர்துறை விட்டு இறங்கி ஒரு வருடம் ஆன கப்பலுக்கும் நான்கு வருடம் ஆன கப்பலுக்கும் அறைக்குள் நுழைந்ததுமே வித்தியாசம் தெரியும். இரண்டாவது, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் சுகாதாரச் சோதனை மதிப்பெண். சொல்லாமல் வந்து சமையலறை, குடிநீர், நீச்சல் குளம், குழந்தைகள் கூடம் வரை பார்த்து நூற்றுக்குப் போடுகிறார்கள். 86-க்குக் கீழே போனால் தோல்வி. கப்பல் பெயரைப் போட்டால் எவரும் பார்க்கலாம். புதிய கப்பலும் சறுக்கும், பழையதும் நூறு வாங்கும்.

‘பெரிய கப்பலில் கூட்டம், சிறியதில் நிம்மதி’ என்பதும் பாதி உண்மைதான். கப்பலின் கிராஸ் டன் எடையைக் குறிப்பதல்ல, உள்ளே அடைபட்ட இடத்தின் கொள்ளளவைக் குறிப்பது. அதை அறைக்கு இருவர் கணக்கில் வரும் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால், தலைக்கு எவ்வளவு இடம் என்று தெரியும். விஷன் சுமார் 78,000 டன், 2,000 பேர்: 39. ஒயாசிஸ் வகை சுமார் 2,26,000 டன், 5,400 பேர்: 42. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஜூலையில் பள்ளி விடுமுறை, மேல் படுக்கைகளும் நிரம்பும். அப்போது இரண்டிலுமே இந்த எண் முப்பதுகளின் தொடக்கத்துக்கு இறங்கிவிடும். ஆக, இரண்டும் நெரியும். நெரியும் இடம்தான் வேறு. பெரியதில் காலை பத்து மணிக்கு லிஃப்ட் வாசலிலும் தீவில் இறங்கும் வழியிலும் காத்திருப்பீர்கள். சிறியதில் மழை பெய்து எல்லோரும் உள்ளே வந்துவிட்டால் பஃபேயில் மேசை கிடைக்காது.

அப்பாவின் முழங்காலுக்கு முக்கியம் நீளம். ஒயாசிஸ் வகை 361 மீட்டர், விஷன் 279 மீட்டர். முன்பக்கம் அறை, பின்பக்கம் சாப்பாட்டுக் கூடம் என்று அமைந்தால் பெரிய கப்பலில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் போய்வரவே அரை கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். மூன்று வேளைக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சிறிய கப்பலிலும் நடுப்பகுதியில், லிஃப்டுக்கு அருகில் எடுத்தால்தான் அந்த லாபம் கிடைக்கும்.

சக்கர நாற்காலி எடுத்துப் போகலாம் என்று நினைத்தால் முதலில் அளந்து பாருங்கள். சாதாரண அறைக் கதவின் அகலம் பழைய கப்பல்களில் 23 அங்குலம் அளவில்தான் இருக்கும். வழக்கமான நாற்காலி 25 அங்குலத்துக்கு மேல் வரும். உள்ளே போகாது. நடைபாதையில் விட்டுவைக்கவும் முடியாது, தீ விபத்து விதிப்படி ஊழியர்கள் எடுத்துவிடுவார்கள். ஒன்று, மடக்கக்கூடிய குறுகிய நாற்காலி வாங்குங்கள். அல்லது 32 அங்குலக் கதவும் கைப்பிடிகளும் உள்ள மாற்றுத்திறனாளி அறையைக் கேளுங்கள். அது சில மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். கப்பலில் இருக்கும் நாற்காலிகள் ஏற, இறங்க மட்டுமே, நாள் முழுவதும் தரமாட்டார்கள். சாதாரண அறை எடுத்தால் குளியலறை வாசலில் கால் தூக்கி வைக்கும் படி இருக்கும், உள்ளே குறுகலான ஷவர் மூலை, பெரும்பாலும் கண்ணாடிக் கதவுக்குப் பதில் உடம்பில் ஒட்டும் திரை. வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்று கொண்டுபோங்கள்.

துறைமுகத்திலும் இதே பார்வை தேவை. பெர்முடாவில் கப்பல் ராயல் நேவல் டாக்யார்டின் கரையை ஒட்டியே நிற்கும், அப்பா நேராக இறங்கிவிடலாம். அங்கிருந்து தலைநகர் ஹாமில்டனுக்கு ஃபெர்ரி ஏறினால் இருபது நிமிடம்தான், உட்கார்ந்தபடியே தீவைப் பார்த்த மாதிரி. கரீபியன் பாதையில் கிராண்ட் கேமன், பெலிஸ் இருந்தால் கப்பல் நடுக்கடலில் நிற்கும், ஆடும் சிறு படகுக்கு மாறித்தான் கரை சேர வேண்டும். எவ்வளவு புதிய கப்பலானாலும் இது மாறாது.

சிபாப் விஷயத்தில் பழைய கப்பல் கொஞ்சம் தொல்லை. மின் இணைப்பு எழுதும் மேசைப் பக்கம் ஒன்றிரண்டு இருக்கும், கட்டில் பக்கம் இருக்காது. வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் போர்டு எடுத்துப் போகாதீர்கள். மின்னழுத்தத் தடுப்பு உள்ள போர்டு கப்பலின் மின்சார அமைப்போடு ஒத்துப்போகாது, தீப்பிடிக்கும் அபாயம் உண்டு என்பதால் பெட்டிச் சோதனையிலேயே பறிமுதல். முன்பதிவு முடிந்ததும் சிறப்புத் தேவைகள் பிரிவுக்கு எழுதி, எக்ஸ்டென்ஷன் வயரும் காய்ச்சி வடித்த நீரும் அறையில் வைக்கச் சொல்லுங்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பாவது எழுதிவிட வேண்டும். ஏறும் நாளன்று கருவி பெரிய பெட்டியில் இருக்கக் கூடாது. அந்தப் பெட்டி அறைக்கு வந்து சேர மாலையாகும், சில நாள் ராத்திரி ஆகிவிடும்.

கடல் ஆட்டத்தில் பெரிய கப்பலுக்குத்தான் வெற்றி, மறுக்க முடியாது. அதே அலையில் 361 மீட்டர் கப்பல் குறைவாக ஆடும். இரண்டிலும் பக்கவாட்டுத் துடுப்புகள் உண்டு. அவை இடவலமாக உருள்வதைத்தான் அடக்கும், முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை அடக்காது. அந்த ஏற்ற இறக்கம் முனைகளில் அதிகம், நடுவில் குறைவு. பால்டிமோரில் ஒரு வசதி: கப்பல் விரிகுடாவுக்குள்ளேயே பல மணி நேரம் ஓடும், முதல் இரவு குளத்தில் போவது போல இருக்கும். மறுநாள் அட்லாண்டிக்கில் வடகிழக்காக ஓடும் வளைகுடா நீரோட்டத்தை (கல்ஃப் ஸ்ட்ரீம்) கடக்கும்போது வடகிழக்குக் காற்று எதிர்த்து வீசினால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். ஜூலையில் பொதுவாக அமைதிதான், ஆனால் ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம் என்பதையும் நினைவில் வையுங்கள். தலைசுற்றலுக்குக் காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டை கிடைக்கிறது. கண் அழுத்த நோயோ, புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் அடைப்போ உள்ளவர்களுக்கு அது ஆகாது. கடையில் கிடைக்கும் மெக்லிசின் மாத்திரையும் முதியவர்களுக்கு மயக்கம் தரும். அப்பாவின் மருத்துவரை ஊரிலேயே கேட்டு வரச் சொல்லுங்கள்.

அம்மாவின் சாப்பாட்டுக்கு நான் சிறிய கப்பலைத்தான் சொல்வேன். முதல் இரவே பிரதான சாப்பாட்டுக் கூடத்தில் தலைமைப் பரிசாரகரைக் கூப்பிட்டு, தினமும் இந்தியச் சைவம் வேண்டும், முட்டை, மீன் சாஸ், அசைவ சூப்புத் தண்ணீர் எதுவும் கூடாது என்று பெயர் சொல்லியே சொல்லுங்கள். ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் முட்டை போட்ட நூடுல்ஸ் வரும். தினமும் ஒரே மேசை, ஒரே பரிசாரகர் என்றால் மூன்றாம் நாள் கேட்காமலே பருப்பும் சோறும் வரும். பெரியதில் உணவகம் அதிகம், ஆனால் பலவற்றுக்குத் தனிக்காசு. சீல் பிரிக்காத பருப்புப்பொடி, ஊறுகாய் கொண்டுபோகலாம். வீட்டில் செய்த புளியோதரை கூடாது. ரைஸ் குக்கர், கெட்டில் போன்ற சூடேற்றும் சாமான்களுக்கும் தடை. இறங்கும்போது கப்பலின் வாழைப்பழத்தைக் கைப்பையில் போட்டுக்கொள்ளாதீர்கள், சுங்கத்தில் மாட்டும்.

பிள்ளைகள் பக்கம் தராசு பெரிய கப்பலுக்குச் சாயும். 11 வயதுக்காரனுக்கு அலைச்சறுக்கு, சறுக்குமரம், ஐஸ் காட்சி எல்லாம் அங்கே. அலைச்சறுக்கில் படுத்துச் சறுக்க 52 அங்குலம், நின்று சறுக்க 58 அங்குலம் உயரம் வேண்டும். அளந்துவிட்டு ஆசை காட்டுங்கள். காட்சிகளுக்கு முன்பே செயலியில் இடம் பிடிக்க வேண்டும். விஷனில் பாறையேற்றச் சுவரும் குளமும்தான், மீதியை பெர்முடாவின் ஹார்ஸ்ஷூ பே கடற்கரை பார்த்துக்கொள்ளும். நாலு வயதுக் குழந்தைக்கு இரண்டிலும் ஒரே விதி: டயபர் போடும் பிள்ளைக்குக் குழந்தைகள் கூடமும் இல்லை, குளமும் இல்லை. அந்தப் பழக்கம் விட்டிருக்க வேண்டும்.

செலவை வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை கணக்கிடுங்கள். மயாமி என்றால் ஆறு விமான டிக்கெட், முதல் நாள் இரவு ஹோட்டல் (கப்பல் ஏறும் நாளன்றே பறப்பது சூதாட்டம்). அதோடு ஊழியர் டிப்ஸ் ஆளுக்கு நாளொன்றுக்கு 18 டாலருக்குக் குறையாது, குழந்தைக்கும் உண்டு. ஆறு பேருக்கு ஏழு இரவுக்கு 750 டாலரைத் தாண்டும், ஐந்து இரவுக்கு 540. பெற்றோருக்கு எடுத்த விசிட்டர் இன்ஷூரன்ஸ் அமெரிக்க எல்லைக்கு வெளியே, கப்பலில், செல்லுமா என்று கேளுங்கள். பல பாலிசிகளில் செல்லாது. கப்பல் மருத்துவரின் பில் நேராக உங்கள் கார்டில் ஏறும்.

அறை எடுக்கும்போது இரண்டு பக்கத்து அறைகளாக, நடுப்பகுதியில், கீழ் அல்லது நடு டெக்கில் (தளத்தில்) கேளுங்கள். டெக் வரைபடத்தில் உங்கள் அறைக்கு மேலும் கீழும் இன்னொரு அறைதான் இருக்க வேண்டும். மேலே குளத்தடி இருந்தால் விடிகாலையில் நாற்காலி இழுக்கும் சத்தம், கீழே அரங்கம் இருந்தால் நள்ளிரவு வரை டிரம்ஸ். கீழ்டெக்கின் முன்முனை மலிவாக இருக்கும், துறைமுகம் சேரும் காலையில், கப்பலைக் கரையோடு அணைக்கும் முன்பக்க உந்திகளின் சத்தம் உங்களை எழுப்பிவிடும். பின்முனையில் அதிர்வு. ‘அறை எண் பிறகு தரப்படும்’ என்ற சலுகை விலை உங்களுக்கு வேண்டாம், நடுப்பகுதி என்ற நிபந்தனையே போய்விடும். விஷனில் பால்கனி அறைகள் குறைவு, பெற்றோருக்கு ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். ஒயாசிஸ் வகையில் பால்கனி ஏராளம், ஆனால் சில கப்பலின் உள்முற்றத்தைப் பார்த்தவை, கடல் தெரியாது. நால்வர் அறை காலியாகத் தெரிந்தும் முன்பதிவு மறுக்கப்படலாம். ஒவ்வொரு பகுதிக்கும் உயிர்காப்புப் படகின் கணக்கு உண்டு, மூன்றாவது நான்காவது ஆள் அந்தக் கணக்கைத் தாண்டினால் கணினி ஏற்காது. ஆகவே ஜூலைக்கு இப்போதே பதிவு செய்யுங்கள்.

பணம் கட்டும் முன் கடவுச்சீட்டுகளை எடுத்து வையுங்கள். பெற்றோரின் அமெரிக்க விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். கனடாவைத் தொடும் பாதை என்றால் இந்தியக் கடவுச்சீட்டில் வரும் அவர்களுக்குக் கனடா விசா தனியாகத் தேவை. நீங்கள் எச்1பி வேலை விசாவில் இருந்து, கடவுச்சீட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகியிருந்தால் இந்தப் பயணமே வேண்டாம். முத்திரை முடிந்தாலும் முப்பது நாளுக்குள் திரும்பலாம் என்ற சலுகை உங்களுக்குக் கனடா, மெக்சிகோவுக்கு மட்டும்தான். பெர்முடாவுக்கும் பஹாமாஸுக்கும் அது பொருந்தாது.