ஜூன் மாதத்தில் லோஃபோட்டன் செல்வோர் எவற்றைப் பார்க்கலாம், எவற்றில் கவனமாக இருக்க வேண்டும்?

வடக்கு நார்வேயில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே உள்ள லோஃபோட்டன் தீவுகளை ஜூனில் சுற்றிப் பார்ப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மே இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை அங்கே சூரியன் மறைவதில்லை. ஆகவே இருண்ட வானில் வண்ணமாய்த் தெரியும் துருவ ஒளியைக் காணும் ஆசை இருந்தால் பயணத்தைச் செப்டம்பருக்குத் தள்ளிவைப்பதே நல்லது.

பூடோ நகரிலிருந்து மொஸ்கெனெஸுக்குக் கார்களையும் ஏற்றிச்செல்லும் கப்பல் உண்டு. கோடையில் கூட்டம் அதிகம் என்பதால் முன்பதிவு அவசியம். தீவுகளை இணைக்கும் ஈ10 சாலை, ‘ஓ’ என்ற ஒற்றை எழுத்துப் பெயர் கொண்ட சிற்றூரில் முடிகிறது. அவ்வூரிலுள்ள கருவாட்டு அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். குளிர்காலத்தில் பிடிபடும் காட் மீன்களை இரண்டிரண்டாக வாலில் கட்டி, உப்பே சேர்க்காமல், மரச் சட்டங்களில் தொங்கவிட்டுக் குளிர்காற்றிலேயே உலர்த்துகிறார்கள். தனியே உலர்த்தப்படும் தலைகள் நைஜீரியாவுக்கு ஏற்றுமதியாகின்றன. போர்க் என்னும் இடத்தில், அகழாய்வில் வெளிப்பட்ட, வைக்கிங் தலைவன் ஒருவனின் 83 மீட்டர் நீள இல்லத்தை மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள்.

ரெய்னே ஊருக்கு மேலுள்ள ரெய்னபிரிங்கன் மலையில் நேபாள ஷெர்பாக்கள் அமைத்த கற்படிகள் உள்ளன. செங்குத்தான ஏற்றம் என்பதால், மழை பெய்தால் ஏறாமலிருப்பதே என் பரிந்துரை.

திறந்தவெளியில் கூடாரம் அடிக்கலாம். ஆனால் குடியிருப்புகளிலிருந்து குறைந்தது 150 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், தடைப் பலகை உள்ள இடங்களில் கூடவே கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால், சனிக்கிழமையே உணவுப் பொருள்களை வாங்கிவிடுங்கள்.