நம்பிக்கை வேறு, ஆபத்து வேறு

கேள்வி: 2008-ல் டெக்சாஸில் பலதார மணத்தைப் பின்பற்றும் ஒரு மதப் பிரிவின் பண்ணையிலிருந்து குழந்தைகளை அரசு மொத்தமாகக் கொண்டுபோனது. பிறகு ஏன் திருப்பித் தந்தது?
– வாசகி, ஈரோடு

பதில்: எல்டொராடோ அருகே நடந்தது அது. பண்ணையில் கொடுமைப்படுத்தப்படும் பதினாறு வயதுப் பெண் என்று சொல்லி வந்த தொலைபேசி அழைப்பை வைத்தே அதிகாரிகள் உள்ளே போனார்கள்; அந்த அழைப்பு பொய். ஆனால் நானூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். மே 29 அன்று மாநில உச்ச நீதிமன்றம், அது நியாயமில்லை என்றது.

டெக்சாஸ் சட்டப்படி அவசரமாகப் பிரிக்க, உடலுக்கு ஆபத்து, உடனடிப் பாதுகாப்புத் தேவை, பிரிக்காமல் காக்க நியாயமான முயற்சி ஆகிய மூன்றையும் காட்ட வேண்டும். அதுவும் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக! அதிகாரிகள் சறுக்கியது இங்கேதான். பண்ணை முழுவதையும் ஒரே குடும்பமாகக் கணக்கிட்டார்கள். சில வளரிளம் பெண்கள் பாலியல் கொடுமைக்கு ஆளானது பற்றிய ஆதாரத்தை வைத்துக் கைக்குழந்தைகளையும் சிறுவர்களையும் பிரித்தது பெருங்கொடுமை.

சந்தேகத்துக்குரிய ஆளை வீட்டிலிருந்து விலக்கலாம், பிள்ளைகளை வெளியூர் கொண்டுபோகத் தடை வாங்கலாம் என்று நீதிமன்றமே வழி காட்டியது. திரும்பிய பிள்ளைகளைப் பார்க்க அதிகாரிகள் முன்னறிவிப்பின்றி வரலாம் என்றும் நிபந்தனை போடப்பட்டது.

இதனால் குற்றவாளிகள் தப்பிவிடவில்லை. பிரிவின் தலைவர் வாரன் ஜெஃப்ஸுக்குச் சிறுமியர் மீதான பாலியல் வன்கொடுமைக்காக 2011-ல் ஆயுள் தண்டனை கிடைத்தது.